சரம்ப வந்ததோ என்று கேட்டவருக்கு

கண்ணுக்குத் தெரியாத கிருமியைக் கண்ணுறங்காது தேடியவரே, வெள்ளவத்தையிலிருந்து சோதனைச்சாவடிகள் தாண்டி நாள்தோறும் பொரளைக்கு வந்து எங்களுக்கு முன்னரே ஆய்வுகூடக் கதவைத் திறந்தவரே, இன்று ஓய்வுபெற்று விடைபெறும் எங்கள் அன்புக்குரிய டொக்டர் சிவமணி அம்மையீர், வணக்கம்!

நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல் சொல்கிறோம்; இருந்து கேட்டருள்க.

கொட்டாஞ்சேனை ஜெஸீமாவின் மகன் ஷிப்லிக்கு ஒன்பது வயது. அவன் கடைக்குப் போன நேரம் பக்கத்துத் தெருவில் குண்டு வெடித்தது. காயமின்றித்தான் திரும்பினான். ஆனால் சில வாரங்களில் கை வெட்டி வெட்டி இழுத்தது. படித்த எழுத்துகள் மறந்தன. சத்தத்தில் பயந்துவிட்டான் என்றார்கள் எல்லோரும். கடைக்கு அனுப்பிய தாய்க்கு அதன்பின் சோறு இறங்கவில்லை. சின்ன மகளை வாசல் தாண்டவும் அவள் விடவில்லை.

பொரளையில் அவனைப் பார்த்த ஒரு டொக்டர், முன்பு சின்னமுத்து என்னும் தட்டம்மை வந்ததா என்று கேட்டபோது, "அப்பிடியொண்டும் வரல்ல" என்றுவிட்டாள்.

டொக்டருக்கு மனம் ஆறவில்லை. தீராத மூளை நோய்களின் வேரில் பழைய வைரஸ் இருக்குமோ என்று ஆண்டுக்கணக்காகத் தேடி, பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பியவர் அவர். இந்தத் தாய் அந்த நோயை எந்தப் பெயரில் அறிந்திருப்பாள் என்று யோசித்தார். அவள் பக்கத்தில் போய் இருந்துகொண்டு கேட்டார்:

"சரம்ப வந்ததோ?"

"ஓ, சரம்ப வந்த. ஒண்டர வயசில. அதுக்கென்ன, டொக்டர்?"

சின்னமுத்துக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். முதுகுத்தண்டு நீரின் சோதனையும் அதையே சொன்னது. நாவலின் முதல் அத்தியாயத்தில் மறைந்து, எல்லோரும் மறந்தபின் திரும்பிவரும் அந்நியன்போல, அந்த வைரஸ் ஷிப்லியின் மூளையில் அத்தனை ஆண்டுகள் ஒளிந்திருந்தது.

"பிள்ளையைக் காப்பாற்ற என்னட்ட மருந்தில்லை, ஜெஸீமா," என்றார் டொக்டர். "ஆனா இது நீங்கள் கடைக்கு அனுப்பினதால வந்த வருத்தம் இல்லை."

"அப்ப சரம்ப வந்தது என்ட குத்தமா?"

"அது ஊரெல்லாம் வந்தது. எத்தினையோ ஆயிரத்தில ஒரு பிள்ளைக்குத்தான் இப்பிடி ஆகும். தங்கச்சிக்குச் சரம்ப ஊசி போட்டாச்சோ?"

போட்டிருக்கவில்லை. மறுநாள் தாமே கூட்டிக்கொண்டு போய்ப் போடுவித்தார். ஷிப்லி அடுத்த நோன்புப் பெருநாளைக் காணவில்லை. கொட்டாஞ்சேனை வீட்டுக்கு டொக்டர் போய்வருவது மட்டும் நிற்கவில்லை.

கதை முடிந்தது, அம்மையீர். நோயின்றி, நிறைவோடு, கல்கிசைக் கடற்காற்றில் காலாற நடந்து தாங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும்!

இன்னும் ஒன்று. தங்கள் முன்னால் இருக்கும் தேங்காய்ப்பால் இனிப்பான வட்டிலப்பம் ஜெஸீமா அனுப்பியது. கொண்டுவந்தவள் முன்வரிசையில் இருக்கும் சின்ன மகள் ஸைனம்பு. தாய் சொல்லியனுப்பியதை அப்படியே வாசிக்கிறோம்:

"டொக்டருக்குச் சொல்லுங்க, இதுக்குத் தேங்கா வாங்க இவளத்தான் கடைக்கு அனுப்பின."

என்றும் தங்கள்
ஆய்வுகூட ஊழியர்கள்
பொரளை, 1999