வாசலுக்கு நாலு எழுத்து

— வெங்கட்டு, அந்த வெள்ளை பெயிண்டை எடு. நாலு எழுத்தையும் அழிச்சிடலாம்.

— பொறு யுவஸ்ரீ. மூணு நாளா குனிஞ்ச தலை நிமிராம எழுதியிருக்குது சென்னம்மா.

— அதுக்காக? நாளைக்கு ஸ்கூல் கண்காட்சி. சீனப் பண்பாடுன்னு நம்ம மூணு பேருக்கும் தலைப்பு குடுத்தாங்க. வாசல் பலகையில சீனத்துல 'நல்வரவு'ன்னு எழுதச் சொன்னேன். அண்ணாதுரை சார் இப்பதான் போனைக் காட்டித் தமிழாக்கிப் பார்த்தாரு. என்ன வந்துச்சு? நீயே சொல்லு.

— 'கவனம், மெதுவாக வைக்கவும்.'

— கேட்டியா சென்னம்மா? வர்றவங்களைப் பார்த்து மெதுவா வைங்கன்னு சொல்லுது நம்ம வாசல்.

— செருப்பை மெதுவா வெச்சிட்டு உள்ள வரட்டுமே. நல்லதுதானே.

— சிரிக்காதே வெங்கட்டு. லீடர் நான். நம்மூர் கம்பெனியிலேர்ந்து சீனாக்கார இன்ஜினீயர் வேற வர்றாரு. இதைப் படிச்சிட்டு அவரு முதல்ல என்னைப் பார்த்துத்தான் சிரிப்பாரு. ஏன்டி, எதைப் பார்த்து எழுதினே?

— பொட்டியைப் பார்த்து.

— எந்தப் பொட்டி?

— எங்கம்மா வேலை செய்யற கம்பெனிப் பொட்டி. அட்டைப்பொட்டி.

— அர்த்தம் தெரியாமலா எழுதினே?

— தெரியும்.

— தெரிஞ்சேவா?

— ஹௌது. ஆமா.

— வெங்கட்டு, கேட்டுக்கோ. தெரிஞ்சே எழுதியிருக்குதாம். அப்புறம் இந்தக் குழுவுல நீ எதுக்கு சென்னம்மா? சார்கிட்ட சொல்லி உன் பேரை எடுத்துடறேன்.

— எடுத்துக்கோ யுவா. எழுத்து மட்டும் இருக்கட்டும்.

— நெசமாலுமே உனக்கு என்னாச்சு சென்னம்மா? பேரே போனாலும் பரவாயில்லைன்னு சொல்ற அளவுக்கு அதுல என்ன இருக்குது? வாயத் திறந்து சொல்லு. இந்த யுவஸ்ரீ கத்துவாளே தவிரக் கடிக்க மாட்டா.

— சொன்னா சிரிப்பீங்க.

— நான் சிரிக்க மாட்டேன். வெங்கட்டு சிரிச்சா பெயிண்டை அவன் தலையில ஊத்திடறேன். சொல்லு.

— எங்கம்மா முன்னாடி லோடு ஏத்தப் போவாங்க. எருமூட்டையைத் தூக்கி வண்டியில எறிஞ்சே பழகின கை. கம்பெனியில சேர்ந்த முதல் நாள் அதே கையால ஒரு பொட்டியத் தொப்புனு கீழ போட்டுட்டாங்க. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்களாம். வேலை போச்சுன்னு அம்மா அங்கயே அழுதுட்டாங்க.

— அய்யோ.

— அப்ப சீனாவுலேர்ந்து ஒரு மேடம் வந்திருந்தாங்களாம். அவங்களுக்குத் தமிழும் வராது, கன்னடமும் வராது. திட்டவே இல்ல. அம்மா பக்கத்துல தரையில உக்காந்தாங்க. அம்மா விரலைப் பிடிச்சு, பொட்டி மேல இருக்கிற நாலு எழுத்து மேலயும் ஒவ்வொண்ணா ஓட்டினாங்க. ஷியாவ். ஷின். ச்சிங். ஃபாங்.

— இன்னொரு தரம் சொல்லு.

— ஷியாவ். ஷின். ச்சிங். ஃபாங். சொல்லிட்டு அந்தப் பொட்டியத் தூக்கி, தூங்கற கொழந்தையை இறக்கி விடற மாதிரி சத்தமே இல்லாம கீழ வெச்சாங்களாம். அப்புறம் அம்மாவை வைக்கச் சொன்னாங்க. அம்மா வெச்சாங்க. அவ்ளோதான். அடுத்த வாரம் அந்த மேடம் ஊருக்குப் போயிட்டாங்க. அவங்க பேரு கூட அம்மாவுக்குத் தெரியாது.

— அப்பா சாமி. திட்டாம ஒரு மேடமா.

— அம்மா இன்னும் தெனமும் அதைச் சொல்றாங்க. தண்ணிக் குடத்தை இறக்கும்போது, தம்பியத் தொட்டில்ல விடும்போது. சாமிக்கு விளக்கு வைக்கும்போதும் அதான். களிக்கு மாவு சலிக்கிறப்ப முறத்துல ராகி மாவைப் பரப்பி விரலால எழுதிக் காட்டுவாங்க. நான் அப்படித்தான் கத்துக்கிட்டேன்.

— யுவஸ்ரீ, ஒண்ணு சொல்லட்டுமா? சார் ஒவ்வொரு எழுத்தா மறைச்சு மறைச்சும் பார்த்தாரு. முதல் எழுத்துக்குச் சின்னதுன்னு வந்துச்சு. ரெண்டாவதுக்கு மனசுன்னு வந்துச்சு.

— ரெண்டாவதுன்னா அதுவா? கிண்ணத்துல மூணு சொட்டு தெறிச்ச மாதிரி இருக்குதே?

— அதேதான். சின்ன மனசுன்னு சேர்த்துச் சொன்னா அவங்களுக்குக் கவனம்னு அர்த்தமாம். நம்மூர்ல சின்ன மனசுன்னா பிசுநாரி.

— சின்ன மனசு. லேசா வை. இரு வெங்கட்டு, பேசாதே கொஞ்ச நேரம்.

— நான் எங்க பேசினேன்?

— ஒரு வாரமா கம்ப்யூட்டர் ரூம்ல உக்காந்து டிராகன் படமும் பெருஞ்சுவர் படமும் தேடினோம். சீனா நம்ம சென்னம்மா வீட்டு முறத்துல ராகி மாவுல இருந்திருக்குது. எனக்கு இது தெரியவே இல்ல, பாரு.

— நெசமாலுமே எனக்கும்தான்.

— சென்னம்மா, உன் பேரு எங்கயும் போவாது. நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதே. உங்கம்மா நாளைக்கு வர்றாங்களா?

— ஷிப்டு மாத்திக்கிட்டு வர்றாங்க. எப்பவும் கேட்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடுவாங்க. உள்ள வந்ததில்ல. கூச்சம்.

— அப்ப ஒண்ணு செய்யலாம். இந்தப் பலகையை உள்ள நல்ல இடமாப் பார்த்து மாட்டிடுவோம். வாசல்ல நல்வரவுன்னு பெருசாத் தமிழ்லயே எழுதிடலாம். உங்கம்மாவும் படிச்சிட்டுக் கூச்சப்படாம உள்ள வருவாங்க.

— வேணாம் யுவா. தமிழும் அம்மாவுக்குப் படிக்க வராது, கன்னடமும் வராது. இந்த நாலெழுத்துதான் வரும்.