கொழுவுக்கு ஒரு தோல்

— அங்காலை பாரும் கமலாசனி, நெருப்பைப் பாக்காதேயும். கண் போயிடும்.

— நான் நெருப்பைப் பாக்கேல்லை. என்ர கலப்பைக் கொழுவைத்தான் பாக்கிறன். என்ன கம்பி, தில்லை, உருக்கி உருக்கி விடுறியள்?

— குரோமியம் கலந்த கம்பி. கிளிநொச்சி முழுக்கத் தேடிக் கிடையாமல், கொழும்பாலை எடுப்பிச்சனான். விளிம்பிலை ஒரு தோல் மாதிரிப் படிஞ்சுதெண்டால் அரமே வழுக்கும்.

— அப்ப முழுக்கப் பூசிவிடுங்கோவன்.

— உமக்கென்ன விசரே? அடிப்பக்கம் மட்டும்தான். மேலை இருக்கிற மெது இரும்பை மண் தின்னும், அடித்தோல் நிண்டு பிடிக்கும். கூர் தன்பாட்டிலை வரும்.

— கெட்டித்தனம்தான். முடிஞ்சுதோ? தண்ணியிலை தோய்க்கட்டே?

— ஐயோ, வேண்டாம்! தோல் வெடிச்சுப் போம். உமிச்சாம்பலுக்கை தாட்டு வைச்சு, மெல்ல மெல்ல ஆறவிடவேணும். பொழுதுபட்டிடும். நீர் போம், நாளைக்கு வீரகத்தியை விடும்.

— அவன் வயலிலை உழுறவன், அவனுக்கு ஏன் அலைச்சல்? நான் இருக்கிறன். தேத்தண்ணி வைக்கட்டே? கேத்தில் இருக்கிற இடம் தெரியும்.

— வையும்.

— இது எவ்வளவு காலம் நிக்கும்?

— மூண்டு போகத்துக்கு நீர் இந்தப் பக்கம் வரத் தேவையில்லை.

— ஓ.

— என்ன, முகம் வாடுது? சந்தோசப்படுவீர் எண்டெல்லோ நினைச்சன். உள்ளதைச் சொன்னால் எனக்குத்தான் கவலை. மனிசி செத்தாப்பிறகு, நீர் வாற நாளிலைதான் இந்தப் பட்டறையிலை கதை கேக்கும். அதுக்காக உமக்குக் கூடாத வேலை செய்யேலுமே?

— நீங்கள் செய்யமாட்டியள். என்ர மனிசன் போனாப்பிறகு எனக்கும் வீட்டிலை மாடு கண்டுகளோடைதானே கதை.

— ஆனால் ஒண்டு விளங்கேல்லை. ஐயாத்துரையற்ரை வயலும் உம்மடை வாய்க்கால் பக்கம்தான், அதே களிமண். அவரின்ரை கொழு போகம் முழுக்க நிக்குது. உம்மடை ஏன் மாதத்துக்கொருக்கா மழுங்குது?

— பின்வளவிலை ஒரு கிரவல் கல்லு மேடு கிடக்கு. அதையும் உழுவிக்கிறனான்.

— கிரவலையோ! அதெல்லோ இரும்பைத் தின்னுது. வீரகத்தி ஒண்டும் சொல்லேல்லையே?

— சொல்லாமல் விடுவானே? அம்மாவுக்கு என்னவோ பிடிச்சிட்டுது எண்டு மாட்டுக்குச் சொல்லுறவன்.

— அவன் சொல்லுறது சரிதானே. அந்தக் கல்லுக்கை என்னத்தை விதைக்கிறீர், கமலாசனி?

— ஒண்டும் விதைக்கிறேல்லை, தில்லை.