மடியில் நாலு நெல்லிக்காய்

சென்னியம்மாள்: மடியில என்ன அம்மணி?

சாரதாமணி: ஒண்ணுமில்லீங்கத்தே... நெல்லிக்காயுங்க. நாலே நாலு.

சென்னியம்மாள்: நேத்தும் நெல்லிக்கா. முந்தாநேத்து எலுமிச்சம்பழத்தச் சக்கர கூடப் போடாமப் புழிஞ்சு குடிச்ச. நாங் கண்டுபுடிச்சுட்டன்!

சாரதாமணி: எ... என்னத்தைங்க?

சென்னியம்மாள்: எம் மருமவளுக்கு மசக்க! பேரனுக்கு ஒண்ணர வயசாச்சு. இது பேத்திதான். வள்ளியாத்தாள்னு பேரே வெச்சுப்போட்டன்.

சாரதாமணி: அய்யோ அத்தே... அப்புடி எதுவுமில்லீங்க.

சென்னியம்மாள்: வெக்கப்படாத சாமி. உங்கம்மா ஊட்டுக்கும் சேதி சொல்லியுட்டாச்சு. பக்கத்தூட்டு வேலுசாமி லாரி இன்னிக்கு உங்கூரு சங்ககிரிக்குத்தான் போகுது.

சாரதாமணி: கெளம்பிருச்சுங்களா?

சென்னியம்மாள்: முக்குல டீ குடிச்சுட்டிருக்கறான். ஏன், மொகம் இப்புடி வெளுக்குது?

சாரதாமணி: அவர நிறுத்தோணுங்கத்தே! அம்மா நாளைக்கே பலகாரத்தத் தூக்கிக்கிட்டு வந்துருவாங்க. நான்... நான் மாசமில்லீங்க. மாத்திர திங்கறனுங்க.

சென்னியம்மாள்: காச்சலா?

சாரதாமணி: இல்லீங்க... இப்பத்திக்குப் புள்ள வேண்டாங்கற மாத்திர.

சென்னியம்மாள்: என்னது! புள்ள வேண்டாமா?

சாரதாமணி: திட்டிப்போடுங்கத்தே. ஆனா நாஞ் சொல்றதையுங் கேளுங்க. நாமக்கல்லுல டீச்சர் ட்ரெய்னிங் சீட்டுக் கெடச்சிருக்குதில்லீங்க? ரெண்டு வருசம். வயித்துப் புள்ளையோட எப்புடிங்க தெனமும் பஸ்சுல போவேன்? இந்தத் தடவ உட்டா அப்பறம் கெடைக்காதுங்க. உங்க மவனுக்குத் தெரியுமுங்க.

சென்னியம்மாள்: அவனும் கூட்டா! செரி... மாத்திர திங்கறவளுக்கு நெல்லிக்கா எதுக்கு?

சாரதாமணி: ஆசுபத்திரி நர்சம்மா பஷீரா சொன்னாங்க. அந்த மாத்திரையால ஒடம்புல வைட்டமின் கொறையுமாமா. போர்க்கொழாயில துருப் புடிக்கறாப்பல ஒடம்புக்குள்ளயும் ஒரு துரு ஏறுமாமா. அதுக்குத்தான் நெல்லிக்கா, கொய்யா...

சென்னியம்மாள்: முருங்கக்கீர, பச்ச நெலக்கடல. கீரைய ரொம்ப வேக உடாத, சத்துப் போயிரும்.

சாரதாமணி: ஆமாங்க, அதேதானுங்க... அத்தே! அத நான் இன்னம் சொல்லவே இல்லீங்களே?

சென்னியம்மாள்: மொதல்ல போயி வேலுசாமிய நிறுத்து. வெசையா ஓடு.

சாரதாமணி: சொன்னாத்தான் ஓடுவனுங்க. உங்களுக்கு எப்புடித் தெரியுமுங்க?

சென்னியம்மாள்: சத்தம் போடாத... உம் மாமனாரு காதுல உழுந்துரும்.

சாரதாமணி: மாமாவுக்கும் இதுக்கும் என்னங்க?

சென்னியம்மாள்: என்னவா? அவருக்கு நாப்பத்தஞ்சு, எனக்கு முப்பத்தெட்டு. இப்பப் போயி நானொண்ணு பெத்து, எம் மவனும் பேரனும் ஒரே தொட்டில்ல ஆடுனா மோகனூரே சிரிக்காதா? அந்த மாத்திர அட்டையத்தான் நானும் எட்டு மாசமா வெத நெல்லுப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கறன்!