ரெட்டை நிழலைத் தேடிப் போனவர்

மேடையில் வீற்றிருக்கும் புலத் தலைவர் நம்குங் அவர்களே, புகைப்படத் துறையின் சக ஆசிரியர்களே, பல ஊர்களிலிருந்து பூசானுக்கு ரயிலேறி வந்திருக்கும் பழைய மாணவர்களே, இன்று வகுப்பில் இருக்க வேண்டிய புதிய மாணவர்களே, எல்லோருக்கும் மேலாக, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியரின் துணைவியார் அவர்களே! உங்கள் அனைவரின் முன்பும் தலை தாழ்த்தி நிற்கிறேன்.

நான் பாங் ஹேசுக். இந்தக் கல்லூரியில் ஒளியமைப்பு கற்பிக்கிறவள். மறைந்த பேராசிரியர் மா ஜோங்டு அவர்களின் அறைக்கு அடுத்த அறைக்காரி.

பேச்சைத் தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு ரிப்பன் கட்டி, வெள்ளைச் செவ்வந்திகளுக்கு நடுவே வைத்திருக்கிறீர்களே, அந்தப் படத்தின் மேல் எனக்குச் சந்தேகம். இடது கண்ணுக்குக் கீழே அவருக்கு ஒரு தழும்பு உண்டே, அது எங்கே போயிற்று? நெற்றிச் சுருக்கம் எங்கே? காலையிலேயே விளம்பரப் பிரிவில் கேட்டேன். "மேடம், நீட்டா இருக்கட்டும்னு லேசா தொட்டோம்" என்றார்கள். லேசாகத் தொட்டதில் மனிதருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது! மா ஜோங்டு அவர்களின் இரங்கல் கூட்டத்தில், மா ஜோங்டு அவர்களின் படத்திலேயே கை வைத்திருக்கிறார்கள்! வெளிவாசலில் இருப்பது யாரும் தொடாத படம். வணங்க நினைப்பவர்கள் அதை வணங்கிவிட்டுப் போங்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அவரை நினைத்தால் சிரிப்பு வராமல் எப்படி இருக்கும்? அவர் எதைத்தான் சந்தேகப்படவில்லை? வானிலை அறிக்கையைச் சந்தேகப்பட்டார். உணவகத்தில் கானாங்கெளுத்தி என்று சொல்லிப் பரிமாறிய மீனைச் சந்தேகப்பட்டார். துறைமுக நகரத்துப் பிள்ளைகள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்கள்? 'கஸ்டம்ஸ்காரர்'! பெட்டியைத் திறந்து காட்டாமல் யாரும் தாண்ட முடியாது. நான் விளம்பர நிறுவன வேலையை விட்டுவிட்டு இங்கே சேர்ந்த முதல் நாள், வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டார்:

"ஏம்மா, அங்க கை நிறையச் சம்பளம் வாங்கிட்டு இருந்தியே. இங்க எதுக்கு வந்தே? யாராவது அனுப்புனாங்களா?"

"யாரும் அனுப்பலண்ணே. பசங்களுக்குச் சொல்லிக்குடுக்கப் பிடிக்கும்."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க" என்றார். அன்று மாலை அவரே தேநீர் கொண்டுவந்து வைத்தார். அதில் என்ன கலந்திருக்கிறதோ என்று நான் சந்தேகப்பட்டேன்!

முதலாண்டு மாணவர்களுக்கு அவர் கேமராவைத் தொட விடுவதில்லை. ஒரு படத்தைச் சுவரில் காட்டுவார். "எடுத்தவன் எங்கே நிக்கிறான்? நிக்கிறானா, உக்காந்திருக்கானா? படத்துக்கு வெளியே யார் இருக்காங்க? அவங்களை ஏன் வெளியே வச்சான்?" இதே கேள்விகள்தாம், வாரக்கணக்கில். 'அழகாக இருக்கிறது' என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் போதும். "அழகா இருந்தா இன்னும் கிட்டப் போய்ப் பாரு" என்பார்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது? இளைஞராக இருந்தபோது அவர் ஒரு செய்தித்தாளில் வேலை பார்த்தார். கப்பலிலிருந்து மூட்டை இறக்கும் ஒரு தொழிலாளியைப் படம் எடுத்தார். நல்ல படம். மறுநாள் அதே படத்தின் கீழே, துறைமுகத்தில் திருட்டு பெருகிவிட்டது என்று யாரோ ஒரு வரி எழுதி அச்சிட்டுவிட்டார்கள். அந்த மனிதரின் வேலை போயிற்று. "நான் எடுத்த படம் பொய் சொல்லல, ஹேசுக். அதுக்குக் கீழே இருந்த ஒரு வரி பொய் சொல்லிச்சு. ஆனா அவன் மூஞ்சியை ஊருக்குக் காட்டினது நான்தானே" என்று ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னார். அந்த வாரமே வேலையை விட்டார். அதன்பின் எந்தப் படத்தையும், அதன் பக்கத்தில் நிற்கும் எந்தச் சொல்லையும் அவர் சும்மா விட்டதில்லை.

அன்பர்களே! நான் சொல்ல வந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. உங்களில் பலருக்கு இது பாதிதான் தெரியும். மீதிப் பாதியை எனக்கு முன் பேசியவர்கள் நாகரிகம் கருதி விட்டுவிட்டார்கள். நான் விடப்போவதில்லை.

அந்த ஆண்டு இறுதியாண்டுக் கண்காட்சியில் முதல் பரிசு குக் டான்பி என்ற மாணவிக்கு. தெற்குக் கடலோரச் சேற்றுநிலத்துப் பெண். கடல்நீர் உள்வாங்கியதும், அவள் ஊர்ப் பெண்கள் ஒரு நீளப் பலகையில் ஒற்றை முழங்காலை ஊன்றி, மறுகாலால் சேற்றை உந்தி உந்திச் சறுக்கிப் போய் மட்டிச் சிப்பி பொறுக்குவார்கள். அவர்களைத்தான் எடுத்திருந்தாள். நடுவில் பெரிதாக ஒரு படம். பெண்கள் வரிசையாக நம்மை நோக்கிச் சறுக்கி வருகிறார்கள். ஒவ்வொருத்திக்கும் இரண்டு நிழல்! ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். நடுவர் குழுவே அதன் முன் கூடிவிட்டது. நானும்தான்.

பரிசு அறிவித்த சூட்டோடு, மாணவர்களின் இணையப் பலகையில் பெயரில்லாத ஒரு பதிவு வந்தது. 'ரெண்டு சூரியன் எந்த ஊர்ல உதிக்குது? இது ஏஐ செஞ்ச படம். புரொபசர்களே ஏமாந்துட்டாங்க.' மாலைக்குள் கல்லூரி முழுக்க அதே பேச்சு. டான்பியை அழைத்து மூலக் கோப்பைக் கேட்டார்கள். மற்றப் படங்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினாள். அந்த ஒரு படத்துக்கு மட்டும் காட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "அது இல்ல சார்" என்றாள்.

குழு கூடியது. பரிசைப் பறிக்க வேண்டும், பட்டத்தையும் நிறுத்த வேண்டும் என்று பேச்சு வளர்ந்தது. எல்லோரும் பேசி முடித்த பிறகு பேராசிரியர் மா எழுந்தார்.

"எனக்கு இந்தப் பொண்ணு மேல சந்தேகம் இருக்கு. எதையோ மறைக்கிறா. இந்தப் பதிவைப் போட்ட ஆள் மேலயும் சந்தேகம் இருக்கு. பேரை மறைக்கிறான். ஆனா ஒரே நாள்ல எல்லாத்தையும் நம்பிட்டீங்களே, உங்க மேலதான் ரொம்பச் சந்தேகமா இருக்கு."

"அப்ப என்னதான் பண்ணலாங்கறீங்க?" என்று ஒருவர் எரிச்சலாகக் கேட்டார்.

"அந்தச் சேறு எங்கேயும் ஓடிப் போகல. போய்ப் பாக்கலாம்."

யார் போனார்கள்? அவரும் நானும். அவருடைய பழைய காரில், வழியெல்லாம் வழிகாட்டிக் கருவியைச் சந்தேகப்பட்டுக்கொண்டே போனோம்.

ஊரில் யாரும் எங்களை நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? நகரத்திலிருந்து இரண்டு பேர் கேமராவோடு வந்து, உங்களுக்கு எத்தனை நிழல் விழும் என்று கேட்டால்? மட்டி கழுவிக்கொண்டிருந்த ஒரு அக்கா, "வரி ஆபீஸா?" என்றார். இன்னொருவர், "நெலம் வாங்க வந்திருப்பாங்க, வாயைத் தொறக்காதே" என்றார். பேராசிரியருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "என் ஊர் ஜனங்க மாதிரி இருக்காங்கப்பா" என்றார்!

கடல்நீர் உள்வாங்கும் நேரமும் வெயில் சாய்ந்து விழும் நேரமும் ஒன்றாக வர வேண்டும். முதல் நாள் மேகம். அடுத்த நாள் மழை. சத்திரம் போன்ற ஒரு விடுதியில் காத்திருந்தோம். பிறகு ஒரு காலை வானம் வெளுத்தது. கிழக்கே கடலுக்கு மேல் சூரியன். பெண்கள் பலகைகளை இறக்கினார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிழல், ஒன்றே ஒன்று. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கரைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் அந்த ஆண்டு புதிதாகக் கட்டிய மட்டி பதப்படுத்தும் கூடம். பளபளக்கும் இரும்புத் தகட்டுச் சுவர். வெயில் கொஞ்சம் ஏறியதும் அந்தச் சுவர் தீப்பற்றியது போல மின்னியது. அந்த வெளிச்சம் திரும்பிச் சேற்றில் விழுந்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் எதிர்ப்பக்கம் இன்னொரு நிழல் முளைத்தது!

"அண்ணே! ரெண்டு!" என்று கத்தினேன். ஒளியமைப்பு கற்பிக்கிற எனக்குத் தோன்றாதது! அவர் நிதானமாகப் படம் எடுத்தார். கூடத்தையும் சேர்த்து எடுத்தார். சில நிமிடங்களில் அந்த இரண்டாவது நிழல் மறைந்துவிட்டது.

வேறொருவராக இருந்தால் அன்றே ஊர் திரும்பியிருப்பார். நான் பெட்டியைக்கூடக் கட்டிவிட்டேன். அவர் அசையவில்லை. "ஹேசுக், எடுத்தவங்க எங்கே நின்னாங்க?"

அந்தப் படத்தில் கேமரா சேற்றுக்கு முழங்கால் உயரத்தில், பெண்களுக்கு எதிரே, கரையிலிருந்து வெகு தூரத்தில் இருந்தது. நின்றிருந்தால் இடுப்பளவு புதைந்திருப்பார்கள். அப்படியானால் பலகையின் மேல்! அவரே ஒரு பலகையைக் கேட்டு வாங்கினார். அறுபதை நெருங்கும் மனிதர் முழங்காலை ஊன்றினார், ஒரு உந்து உந்தினார், தலைகுப்புற விழுந்தார்! பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவரைப் பிடித்துத் தூக்கியவர் டான்பியின் அம்மா.

"வாத்தியாரய்யா, இது பஸ் இல்ல, ஏறினதும் போறதுக்கு. ரெண்டு கையாலயும் பலகையைப் பிடிக்கணும்."

முகத்தில் வழிந்த சேற்றைக்கூடத் துடைக்காமல் கேட்டார்: "ரெண்டு கையும் பலகையில இருந்தா, படம் எப்படி எடுக்கறது?"

"எனக்குக் கை வேணாம். சின்ன வயசுலேர்ந்து ஓட்டறேன். அதான் நான் எடுத்தேன்."

"நீங்களா?"

"ஏன், நான் எடுக்கக் கூடாதா? கழுத்துல போனை பிளாஸ்டிக் பையில கட்டித் தொங்க விட்டிருப்பேன். டான்பி கேட்டா, எடுத்து அனுப்பினேன். அவ சேத்துல எறங்க மாட்டா. சின்னதுல ஒருதடவை நெஞ்சுவரைக்கும் பொதைஞ்சுட்டா. அன்னையிலேர்ந்து பயம்." பிறகு அவர் குரல் மாறியது. "ஏன் கேக்கறீங்க? அவளுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

பேராசிரியர் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும் வழியில் நான் கெஞ்சினேன். ஆம், கெஞ்சினேன். "நிழல் நிஜம்னு மட்டும் சொல்லுங்கண்ணே. அதுதானே கேள்வி? அம்மா எடுத்ததை யாரு கேட்டாங்க?" அவர் சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். "நான் கேட்டேனே" என்றார்.

குழுவின் முன் இரண்டையும் சொன்னார். நிழல் உண்மை, பதிவு பொய். படம் உண்மை, பெயர் பொய். டான்பி அழுதாள். "சார், நீங்க என் பக்கம்னு நெனச்சேன்."

"நான் படத்தோட பக்கம்மா. எடுத்தவங்க பேரைப் போட உனக்கு என்ன வெக்கம்?"

"வெக்கம் இல்ல சார். எல்லாரும் அதை மட்டும்தான் பாத்தாங்க. நான் எடுத்ததை ஒருத்தரும் பாக்கல."

பரிசு போயிற்று. மற்றப் படங்கள் அவளுடையவை என்பதால் பட்டம் கிடைத்தது. அவள் எடுத்த ஒவ்வொரு படத்தின் முன்னும் பேராசிரியர் குழுவை நிற்க வைத்துப் பேசினார், மதியச் சோறு ஆறிப்போகும் வரை! கண்காட்சியில் அந்தப் பெரிய படத்துக்குக் கீழே அம்மாவின் பெயர் வந்தது. அந்த அம்மா நல்ல கோட் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். "பேரை இத்துனூண்டாவா எழுதுவாங்க?" என்று கேட்டார். டான்பி மட்டும் ஒரு வருடத்துக்கு மேல் பேராசிரியரோடு பேசவில்லை. போன மாதம்தான் மருத்துவமனைக்கு வந்தாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. இன்று மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறாள்.

சரி, அந்தப் பதிவைப் போட்டது யார்? அதைத்தானே எல்லோரும் கேட்க நினைக்கிறீர்கள்? நானும் மருத்துவமனையில் கேட்டேன். அவர் குழாய்களுக்கு நடுவே கிடந்தபடி என்ன சொன்னார் தெரியுமா?

"முதல்ல உன் மேலதான் சந்தேகப்பட்டேன், ஹேசுக்."

"என்னண்ணே சொல்றீங்க!"

"ஒளி பத்தி நல்லாத் தெரிஞ்ச ஆள் எழுதினது அது. பசங்க யாரும் ரெட்டை நிழலைச் சந்தேகப்படல. நீயும் நடுவர்கள்கிட்ட முதல் பரிசு வேற பையனுக்குக் கேட்டே. அதான் உன்னைக் கூடவே சேத்துக்கு இழுத்துட்டுப் போனேன். நீ சந்தோஷத்துல 'ரெண்டு'ன்னு கத்தினே பாரு, அப்பதான் நீ இல்லன்னு தெரிஞ்சுது."

எனக்கு வலித்தது. இத்தனை ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகு! அழுதேன், திட்டினேன். பிறகு கேட்டேன், "அப்போ யாரு?"

"ஒருத்தர் மேல சந்தேகம் இருக்கு. ஆனா அவர் போட்டதைக் கண்ணால பாக்கல. பாக்காம பேரைச் சொன்னா, அந்தப் பதிவு போட்டவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

அந்தப் பெயரைச் சொல்லாமலே போய்விட்டார், பேராசிரியர் மா ஜோங்டு அவர்கள்.

அன்பர்களே! ஒளியை நன்கு அறிந்தவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்? மேடையில் எத்தனை பேர்? நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறேன். எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது. இன்று அந்தப் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் அதை விட்டுவிடவும் மாட்டேன்.

அடுத்த வாரம் நடுவர் குழு கூடுகிறது. அவருடைய இடத்தில் என்னை அமர்த்தியிருக்கிறார்கள். உங்கள் முன்னிலையில் ஓர் உறுதி தருகிறேன். பெயரில்லாத புகார் எதையும் அந்த மேசையில் வைக்க விட மாட்டேன். பெயரோடு வருகிறவரை என்னோடு அழைத்துக்கொண்டு, படம் எடுத்த இடத்துக்கே போவேன். மாணவர்களே, நீங்கள் வைக்கும் ஒவ்வொரு படத்தையும் சந்தேகப்படுவேன், எனக்கு மிகவும் பிடித்த படத்தை எல்லாவற்றிலும் அதிகமாக!

போய் வாருங்கள், அண்ணே. அங்கே உங்களை வரவேற்கிறவர்களையும் உடனே நம்பிவிட மாட்டீர்கள் என்று தெரியும்.

மாணவர்களே, எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. உங்கள் ஊருக்குக் காலையில் முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று, வெளியே போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.