வழிகாட்டி மாறிய காரணம்

என் வீட்டுச் சாப்பாட்டில் இதுவரை யாருக்கும் வயிறு கெட்டதில்லை, ஐயா. மலையேற வருகிறவர்களுக்குப் பதினான்கு வருடமாகச் சோறு போடுகிறேன். எந்தெந்த நாட்டிலிருந்தோ வருகிறார்கள். ஒருவர்கூட முயஸ்ஸர் வீட்டுத் தட்டைக் குறை சொன்னது கிடையாது. பாத்திரத்தை நானேதான் தேய்ப்பேன், வேறு யார் தேய்த்தாலும் எனக்குத் திருப்தி வராது. அதனால்தான் உங்கள் விசாரணைத் தாளில் ‘வழிகாட்டி மாறிய காரணம்: வயிற்றுக் கோளாறு’ என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எழுதியதில் தப்பில்லை. அதற்குக் கீழே இன்னும் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.

என் மகன் தலேர் உங்களிடம் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். “எல்லாம் என்னாலதான். நான் கண்டதையும் தின்னேன், எனக்குப் பதிலா அவன் போய்ச் செத்தான்.” செத்தவனுக்கு நாற்பதாம் நாள் சோறு போட்டு முடித்த பிறகும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். ஆள் பாதியாக இளைத்துவிட்டான். அவன் கண்டதையும் தின்னவில்லை. நான் போட்டதைத்தான் தின்றான்.

முதலில் அவன் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், இதே ஜூன் மாதத்தில், மேல் கணவாயில் பனி அவரைக் கொண்டுபோனது. ஆகஸ்டில் பனி உருகிய பிறகுதான் கிடைத்தார். குளிப்பாட்டுவதற்குக் கொண்டுவந்தபோது முகத்தை மூடிக் கொண்டுவந்தார்கள். என்னைப் பார்க்க விடவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், என் மகன் அந்தக் கணவாயில் கால் வைக்கக்கூடாது என்று. இதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. எந்தத் தாயும் அப்படித்தான் நினைப்பாள்.

தலேருக்கு இருபத்துநான்கு வயது. நாலு வருடம் கழுதைகளோடும் மூட்டைகளோடும் பின்னால் நடந்தவன். இந்த வருடம் பஞ்சகென்ட் மலையேற்ற அலுவலகத்தில் அவனை முதன்முதலாக வழிகாட்டியாக முன்னால் நடக்கச் சொன்னார்கள். ஒன்பது நாள் நடை, ஐந்தாம் நாள் மேல் கணவாய். வீட்டுக்குள் குதித்துக்கொண்டு வந்தான்.

“மேல் கணவாய் வேண்டாம்டா,” என்றேன்.

“அப்பா கழுதையை நம்பிப் போனாரு. நான் கயித்தை நம்பிப் போறேன். கழுதைக்கும் கயித்துக்கும் வித்தியாசம் இல்லியாம்மா?”

“இருக்கு. கழுதை சொன்னாக் கேக்கும்.”

சிரித்தான். கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனான். மூன்று தடவை சொன்னேன், மூன்று தடவையும் சிரித்தான். அழுது பார்த்தேன், அதற்கு மட்டும் கொஞ்சம் முகம் வாடியது. ஆனாலும் மூட்டை கட்டுவதை நிறுத்தவில்லை.

கூட்டிப்போகவேண்டிய இரண்டு பேரும் புறப்படுகிற நாளுக்கு ஏழு நாள் முன்பே வந்துவிட்டார்கள். போலந்துக்காரர்கள், கணவன் மனைவி. ஹென்றிக், தெரேசா. இரண்டு பேரும் பள்ளிக்கூட வாத்தியார்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். தன்மையான மனிதர்கள். செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைப்பார்கள்.

அன்றைக்குக் கறியும் அரிசியும் போட்டுப் புலவு செய்தேன். தலேர் தட்டில் மட்டும் ஆட்டு வால்கொழுப்பை இரண்டு மடங்கு வைத்தேன். தேயிலை தீர்ந்துவிட்டது என்று சொல்லி, அவனுக்கு மட்டும் ஊற்றுத் தண்ணீரைக் கொடுத்தேன். கொழுப்புப் புலவு தின்றுவிட்டுப் பச்சைத் தண்ணீர் குடித்தால் கொழுப்பு உள்ளே உறைந்து ஆளைச் சாய்த்துவிடும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவன் இரண்டு கிண்ணம் குடித்தான். மறுநாள் காலையில் பாட்டுப் பாடிக்கொண்டு எழுந்தான். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

அதன் பிறகுதான் தகர டப்பாவில் கறியை வைத்தேன். பழம் காயப்போடுகிற கூரையில், வெயில் படுகிற மூலையில். இரண்டு நாள். மூன்றாம் நாள் எடுத்துக் கழுவி, சீரகமும் வெங்காயமும் காடியும் தாராளமாகப் போட்டு வறுத்தேன். வாசனை நன்றாகவே இருந்தது. அவனுக்கு மட்டும் போட்டேன். போலந்துக்காரர்களுக்கு முட்டையும் தயிரும். விருந்தாளிக்கு வயிறு கெட நான் விடுவேனா.

“அம்மா கைமணமே தனி,” என்று தட்டை வழித்துத் தின்றான். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மற்றதைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு நாள் முழுக்கத் துவண்டு கிடந்தான். நான் பக்கத்திலேயே இருந்து எல்லாம் பார்த்தேன், துடைத்தேன், துணி மாற்றினேன். அந்த தெரேசாவும் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கரண்டியால் ஊட்டினாள். எனக்கு மனது நிம்மதியாக இருந்தது. படுத்திருக்கிற பிள்ளை கண்ணுக்கு முன்னால் இருக்கிற பிள்ளைதானே.

மறுநாள் மத்தியானம் தலேர் என்னைக் கூப்பிட்டான். குரல் கம்மியிருந்தது, முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

“அம்மா, அவங்க திட்டத்தை மாத்திக்கிட்டாங்க. கார் புடிச்சு ஏழு ஏரியைப் பாத்துட்டு வர்றாங்களாம். அஞ்சு நாள். அதுக்குள்ள நான் எழுந்துடுவேன். எனக்காகத்தான் காத்திருக்காங்களாம், வேற ஆளு வேண்டாமாம்.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் கணக்கில் அவர்கள் வேறு ஆளோடு போய்விடுவார்கள், அல்லது ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். யாராவது இப்படிக் காத்திருப்பார்களா, நீங்களே சொல்லுங்கள். அவர்கள் காத்திருந்தால் நான் செய்ததெல்லாம் வீண். இன்னொரு தடவை கறி போட்டால் பிள்ளையின் உடம்பு என்னாகும்.

அதனால் வாசலுக்கு வந்து அலுவலகத்துப் பெண்ணுக்குப் போன் செய்தேன். டாக்டர் வந்து பார்த்தார், ஈரல் வீங்கியிருக்கிறது, மூன்று வாரம் எழுந்திருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார் என்றேன். எந்த டாக்டரும் வரவில்லை. அவள் நல்ல பெண், பதறிப்போனாள்.

“ஐயோ, அப்போ நடையே வேண்டாம்னு சொல்லிடட்டுமா அக்கா? இல்ல, வேற யாராச்சும்...”

“பர்விஸ் இருக்கான்,” என்றேன். அவள் பேசி முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டேன்.

பர்விஸ் அடுத்த வீட்டு ஹோசியத்தின் ஒரே மகன். தலேரும் அவனும் ஒரே மண்ணில் புரண்டு வளர்ந்தவர்கள். ஹோசியத் அப்போது ஊரில் இல்லை, மகள் பிரசவத்துக்காக துஷான்பே போயிருந்தாள். மகனுக்குச் சாப்பாடு என் வீட்டில்தான். எங்கள் ஊரில் அவனைவிட அனுபவசாலிகள் இரண்டு பேர் இருந்தார்கள். நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அவர்களைச் சொல்லியிருந்தால், மேலே பனி எப்படி இருக்கிறது என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் மூட்டையைத் தொடுவார்கள். பர்விஸ் அப்படியில்லை. பெரியம்மா சொன்னால் சரி என்று புறப்படுகிற பிள்ளை.

ஓடி வந்தான். “நெசமாவா பெரியம்மா? தலேர் என்னைத் திட்டமாட்டானா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“டேய், உன் வயிறு நல்லா இருக்கணும்டா.”

“வந்து ரொம்பப் பீத்திக்காதே,” என்றான் தலேர். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

போலந்துக்காரர்களுக்கு அரை மனது. ஹென்றிக் ஏழு ஏரிக்கே போகலாம் என்றுதான் சொன்னார். நான்தான் கையையும் காலையும் ஆட்டி, இந்தப் பையன் நல்லவன், நீங்கள் நடக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று புரியவைத்தேன். சொல்லியிருந்த காரையும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் மத்தியானம் என் கொழுந்தன் ஜுமா மேலேயிருந்து வந்தான். ஆட்டு மந்தையை மேய்ச்சலில் விட்டுவிட்டு உப்பு வாங்கப் போகிற வழி. கழுதையை விட்டு இறங்கக்கூட இல்லை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினான்.

“அண்ணி, மேல பனி நம்பறாப்பல இல்ல. பாக்கறதுக்குக் கெட்டியா இருக்கு, அடியில தண்ணி ஓடுற சத்தம் கேக்குது. தலேர்கிட்ட சொல்லு, பத்து நாள் தள்ளிப் போகட்டும். மறந்துடாதே.”

“சொல்றேன்,” என்றேன்.

தலேர் படுத்திருப்பது அவனுக்குத் தெரியாது. அவன் அவசரத்தில் போய்விட்டான். பர்விஸ் முற்றத்தில் கூடாரத்தை மடித்துக்கொண்டிருந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து அடிதான் இருக்கும்.

“சித்தப்பா என்ன சொல்லிட்டுப் போறாரு பெரியம்மா?”

பத்து நாள் தள்ளினால் தலேர் எழுந்துவிடுவான். எழுந்தால் அவன்தான் போவான். இதை யோசிக்க எனக்கு நேரம் ஆகவில்லை. அது தானாக வந்தது.

“ஆடெல்லாம் நல்லா இருக்காம்,” என்றேன்.

ஐந்தாம் நாள் மேல் கணவாயில் பர்விஸ் அவர்கள் இரண்டு பேரையும் பாறையில் நிற்கவைத்துவிட்டு, கம்பை ஊன்றிப் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்திருக்கிறான். சொல்லிக்கொடுத்தபடி ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறான். பனி உள்வாங்கிவிட்டது. அவர்கள் கையில் கயிற்றின் முனைகூட இல்லை, இருந்திருந்தால் அவர்களும் போயிருப்பார்கள். தெரேசா இறங்கி வந்து என் கையைப் பிடித்து முத்தமிட்டு அழுதாள். நான் அவளைத் தேற்றினேன்.

ஜுமா வந்து, “நான் சொன்னதை அவன்கிட்ட சொல்லலியா அண்ணி?” என்று கேட்டான். “சொன்னேன்ப்பா, கேக்கலை. இளரத்தம்,” என்றேன். அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இப்போது தேநீர்க் கடையில் உட்கார்ந்து, அந்தப் பையனுக்குத் திமிர், சொல்பேச்சுக் கேட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று பேசிக்கொள்கிறார்கள். அதை ஹோசியத்தும் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்து போகிறாள். அவள் மகனைப்போல அடக்கமான பிள்ளை இந்தப் பள்ளத்தாக்கிலேயே கிடையாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் சொல்லவில்லை, அவன் கேட்காமல் போகவில்லை.

வெட்கத்தைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்கவேண்டியதே இல்லை. நாற்பது நாளாக நான் ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்க வேறு பாதையில்தான் போகிறேன், அவள் வாசலைத் தாண்டக்கூடாது என்று. அவளோ தினமும் வந்து தலேரின் தலையைத் தடவுகிறாள். “நீயாச்சும் இருக்கியேடா, அல்லா உன் வயித்துல புகுந்து காப்பாத்தினான்,” என்கிறாள். இவன் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறான். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். தேநீர் ஆறுகிறது பாருங்கள், குடியுங்கள். அதில் ஒன்றும் இல்லை.

அவன் செத்துப்போவான் என்று தெரியுமா என்று இரண்டு தடவை கேட்டீர்கள். தெரியாது என்று இரண்டு தடவையும் சொன்னேன். பனி என்றால் சில நேரம் தாங்கும், சில நேரம் தாங்காது. ஜுமா பயந்தாங்கொள்ளி, எதையும் பெரிதுபடுத்துவான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், நேற்றுவரை நம்பியும் இருந்தேன்.

நேற்று ஹோசியத் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

“அக்கா, உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பர்விஸ் கடிச்ச ரொட்டியைக் குடு. என் வீட்டுல வச்சுக்கறேன்.”

உங்கள் அம்மாவும் உங்களுக்குச் செய்திருப்பாள். தூரம் போகிறவன் வாசலைத் தாண்டும்போது வீட்டுக்காரி ரொட்டியை நீட்டுவாள், அவன் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவான். மிச்சத்தைத் துணியில் சுற்றிச் சுவரில் மாட்டிவைப்போம். அவன் திரும்பி வந்து அவனே அதைத் தின்று முடிக்கவேண்டும். பர்விஸ் என் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டான், அவன் அம்மா ஊரில் இல்லை. நீட்டவேண்டியவள் நான்.

“எலி தின்னுடுச்சு ஹோசியத்,” என்றேன்.

நம்பினாள். “அவன் பல்லு பட்ட இடம் இருந்திருக்குமே அக்கா,” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நானும் கூடவே அழுதேன்.

எலி தின்னவில்லை, ஐயா. அன்று காலை நான்கு ரொட்டி சுட்டேன். பர்விஸ் பூட்ஸ் நாடாவை இறுக்கிக்கொண்டு வாசற்படியில் நின்று, குழந்தைபோல வாயைத் திறந்துகொண்டு என் பக்கம் குனிந்தான். “சீக்கிரம் பெரியம்மா, அவங்க நிக்கறாங்க.” நான் ரொட்டியை முழுசாக அவன் பையில் போட்டுக் கட்டினேன், வழியில் சாப்பிடு என்றேன். “கடிக்க வேண்டாமா, மறந்துட்டியா?” என்று சிரித்தான். ஆமாம், மறந்துவிட்டேன் என்றேன்.

நான் மறக்கவில்லை. வரமாட்டான் என்று தெரிந்தவனுக்கு ரொட்டியை மாட்டிவைப்பது பெரும் பாவம். அந்தப் பாவத்தை மட்டும் நான் செய்யவில்லை.