அவர் பங்குச் சேவு

...முகாமுக்கு வந்திருக்கிற நர்சம்மா சத்து பத்தி எல்லாம் விவரமா சொல்லிட்டாங்க. அந்த எடை மெஷின்ல ஏறுங்கன்னதும் பாதிப் பேர் செருப்பைக் கழட்டிட்டு ஏறினீங்க. கம்மலையும் கழட்டலாமான்னு ஒருத்தி கேட்டா. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். சிரிக்காதீங்க... நானும் ஒரு காலத்துல கழட்டினவதான்.

எனக்குப் படிப்பு ஏழாவதோட சரி. ஜாக்கெட் தைக்கிறவ. சத்து, கொழுப்பு எல்லாம் பேசத் தெரியாது. சின்னதா ஒரு கதை இருக்கு, அதைச் சொல்லிட்டு மேடையை விட்டு இறங்கிடுறேன். அடுத்தவ கதை இல்ல, என் கதைதான்.

எங்க வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு வேன்ல வந்து இறங்குவார். கையில காராச்சேவு பொட்டலம் இருக்கும். தையல் மெஷின் மேல பேப்பரை விரிச்சு, நடுவுல கோடு போட்ட மாதிரி பங்கு பிரிப்பார். "இது உனக்கு, இது எனக்கு"ம்பார். இருபத்திரண்டு வருஷம் இப்படி.

ஒரு நாள் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்கார்ந்தார். எந்திரிக்கல. அவ்வளவுதான்.

அதுக்கு அப்புறமும் ஆறு மணிக்கு வேன் வந்துச்சு. வேனுக்குத் தெரியுமா அவர் இல்லன்னு? ஹாரன் கேட்டதும் நான் எந்திரிச்சுப் போய்ச் சேவு வாங்கிட்டு வருவேன். ரெண்டு பங்கா பிரிப்பேன். என் பங்கைத் தின்பேன். அப்புறம்... அவர் பங்கு மீந்து கிடந்தா அவர் வரலன்னு ஆயிடுமே? அதனால அதையும் நானே தின்னுடுவேன். பசியா அது? பசியே இல்ல. ருசி? அதுவும் தெரியாது.

உடம்பு ஏறிடுச்சு. நான் தைக்கிற ஜாக்கெட்டுல ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் துணியை உள்ள மடிச்சு விட்டிருப்பேன், உங்களுக்கே தெரியும். என் ஜாக்கெட்டை ஒரு தடவை பிரிச்சு விட்டேன். இன்னொரு தடவை பிரிச்சேன். மூணாவது தடவை பிரிக்க உள்ள துணி இல்ல.

தலைத்திவசம் வந்துச்சு. என் நாத்தனார் பூங்கோதை வந்தா. இலை போட்டு எல்லாரும் உக்கார்ந்திருக்கோம். என்னை மேலயும் கீழயும் பார்த்தா.

"எங்க அண்ணன் இருந்த வரைக்கும் மதினி குச்சி மாதிரி இருந்தாங்க. இப்ப என்னன்னா... நல்லாத் தேறிட்டாங்க!"

பந்தியில நாலு பேர் சிரிச்சாங்க. நான் இலையை மூடிட்டு எந்திரிச்சேன்.

அவ என்ன சொன்னா? புருஷன் செத்தவ இளைக்கணும். இளைச்சாத்தான் அழுதான்னு அர்த்தம். பெருத்தா... அழவே இல்லன்னு அர்த்தம். அதை அவ சொன்னது கூடப் பெரிசில்ல. நான் நம்பினேன் பாருங்க, அதுதான்.

மறுநாள்லருந்து பட்டினி. காலையில டீ, மத்தியானம் ஒரு தோசை, அவ்வளவுதான். சேவு பக்கமே போகல. ஹாரன் கேட்டா மெஷினைச் சத்தமா மிதிப்பேன். மூணு மாசம். அழுதேங்கிறதுக்கு என் உடம்பைச் சாட்சி சொல்ல வச்சேன். ஊசிக் காதுல நூல் ஏறல. ஒரு நாள் மெஷின் மேலயே தலை சாய்ஞ்சுட்டேன்.

அந்த வாரந்தான் மேலத்தெரு குணவதி அக்கா ஒரு ஜாக்கெட்டோட வந்தாங்க. "பிடிச்சுக் கொடு தவமணி, தொளதொளன்னு இருக்கு." ஏற்கெனவே ரெண்டு தடவை பிடிச்சாச்சு. அங்க கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த பொண்ணு ஒருத்தி நின்னா. வெளியூர்ல வேலைக்குப் போயிட்டு இப்பத்தான் திரும்பினவ. அக்காவைப் பார்த்ததும் அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துடுச்சு.

"ஆத்தாடி, சிக்குன்னு ஆயிட்டீங்களேக்கா! என்ன சாப்பிடுறீங்க? ஓட்ஸா? எனக்கும் சொல்லுங்க, கல்யாணத்துக்கு இன்னும் நாப்பது நாள்தான் இருக்கு!"

"ஒண்ணும் சாப்பிடலம்மா."

"அதான் கேக்குறேன், பசியை எப்படிக்கா அடக்குறீங்க?"

குணவதி அக்கா ஜாக்கெட்டை மடிச்சு மெஷின் மேல வச்சாங்க. "என் மகன் போயிட்டான்மா. சித்திரையில. பைக்ல."

அந்தப் பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டா. பாவம், அவளை என்ன சொல்ல? நாம எல்லாரும் கேக்குறதைத்தான் அவளும் கேட்டா. தலையைக் குனிஞ்சுக்கிட்டே போயிட்டா.

அக்கா என்னைப் பார்த்தாங்க. "நீயும் வத்திப் போயிருக்கியே. உன் வீட்டுக்காரர் போய் வருஷம் தாண்டிடுச்சே, இப்ப என்ன?"

"எனக்கும் அதேதான்க்கா. மொதல்ல பெருத்தேன். பெருத்தேன்னு ஏசினாங்க. அதான் இளைச்சேன்."

"அப்ப என்னை ஏன்டி எல்லாரும் மெச்சுறாங்க?"

நீங்களே சொல்லுங்க... ஒரே துக்கம். ஒருத்திக்கு ஏச்சு, ஒருத்திக்கு மெச்சு.

அப்ப வேன் ஹாரன் அடிச்சுச்சு. மூணு மாசத்துக்கு அப்புறம் எந்திரிச்சுப் போனேன். பொட்டலம் வாங்கிட்டு வந்து மெஷின் மேல விரிச்சேன். ரெண்டு பங்கு வச்சேன். "இது உனக்கு, இது எனக்கு"ன்னேன். அந்த அக்காவைப் போய் உனக்குன்னு சொல்லிட்டேன், வாய்ப் பழக்கம். அவங்க நாலு சேவு எடுத்தாங்க. மென்னாங்க. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "காரம்"ன்னாங்க. நானும் துடைச்சேன். "ஆமாக்கா, காரம்"ன்னேன்.

அன்னைக்குச் சேவுல காரமே இல்ல.

தாய்மாரே, இதுதான் கதை. இனிமே ஒருத்தியை வழியில பார்த்தா, பெருத்துட்டியேங்காதீங்க. இளைச்சுட்டியேன்னும் மெச்சாதீங்க. உள்ள என்ன நடந்திருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. பேசாம, சாப்பிட்டியான்னு கேளுங்க. சாப்பிடலன்னா பக்கத்துல உக்காருங்க. ஜாக்கெட்டுக்கு ஒரு இஞ்ச் உள்ள விட்டுத் தைச்சுக் கொடுன்னு என்கிட்ட கறாரா சொல்றீங்களே... போட்டுக்கிறவளுக்கும் அந்த ஒரு இஞ்ச் விடுங்க.

குணவதி அக்கா இப்பவும் ஆறு மணிக்கு வர்றாங்க. பொட்டலம் ஒண்ணுதான். அவர் பங்கு மீந்து கிடக்கிறது இல்ல.