முதல் இருபதுக்குள் இல்லாத வீடு

“தங்கச்சியின்ரை வீடு முதல் இருபதுக்குள்ளை இல்லை!”

குரோருட் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்த நீலக் கோட்டுக்காரி வெற்றிக் குரலில் சொன்னாள்.

“என்ன இருபது?” என்றாள் தோழி.

“சிக்காகோவிலை ஐம்பதாம் மாடியிலை வீடு வாங்கினவளெல்லோ. ஒவ்வொரு நாளும் ஜன்னலுக்குக் கீழை மேகம் நிக்கிற படம் அனுப்புறாள். நான் இஞ்சை லிஃப்ட் இல்லாத நாலாம் மாடி. இந்தக் கிழமை படி கழுவுற முறையும் என்ரை. அதுதான் அந்த மாநிலத்திலை ஆக உயரமான கட்டிடங்களின்ரை பட்டியலைத் தேடிப் பார்த்தனான். முதல் இருபதுக்குள்ளை அவளின்ரை கட்டிடம் இல்லை.”

“அவவுக்குச் சொன்னனீரோ?”

“உடனை ஃபோன் எடுத்துச் சொன்னனான்.”

“என்னவாம்?”

அவள் குரல் இறங்கியது.

“‘அப்பிடியோ அக்கா, நான் உதெல்லாம் பார்க்கிறேல்லை’ எண்டிட்டாள்.”